ஏழாம் நம்பர் காம்பராவின் தாள்

என் சிநேகிதன் ஒருவனையும் அவன் குடும்பத்தையும் இந்த நாட்டை விட்டு அனுப்பியவன் நான். சட்டம் அனுப்பியது, ஒப்பந்தம் அனுப்பியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதி உண்டு. ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் இங்கேயே இருந்துவிட ஒரே ஒரு தாள் போதுமாயிருந்தது. அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த வேட்டிக்கு அடியில் கிடந்தது. அவன் வந்து கேட்டபோது அப்படி ஒரு தாளே இல்லை என்றேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில் வீடு. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றேன். பழைய புத்தகங்களைப் படிக்கத் தெரிந்தவன் என்று ஒரு பெயர் இருப்பதால் இப்போது என் வீட்டு வாசலில் வேன்கள் நிற்கின்றன. கொழும்பிலிருந்து வருகிறார்கள், கனடாவிலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் திடீரென்று பாட்டன் வேண்டியிருக்கிறது. பழைய குடிசன மதிப்பில் பெயர் இருக்குமா, கப்பல் பதிவில் இருக்குமா, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். கையில் போன், கழுத்தில் கேமரா. மழைக்கு வாங்கிய புதுச் சப்பாத்தில் சேறு பட்டதும் முகம் சுளிக்கிறார்கள்.

வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் பாட்டன் கங்காணி. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம், முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். இதுவரை ஒருவர்கூட, எங்கள் பாட்டன் அந்த இருபது பேரில் ஒருவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியானால் இந்த மலையெல்லாம் காடு வெட்டி, தண்ணீர்க் கான் வெட்டி, கொழுந்து பறித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கங்காணிகள் தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் விரட்டி வேலை வாங்கியிருப்பார்கள் போலிருக்கிறது.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. இந்தப் பொய்யை இவர்களுக்கு முன்பே சொன்னவன் நான். இவர்கள் வெறும் வாயால் சொல்கிறார்கள். நான் அதற்காக ஒரு புத்தகத்தில் கை வைத்தேன்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நாடு முழுக்கக் குடிசன மதிப்பு எடுக்கும்போது, தோட்டத்துக்குள் ஆளெண்ணியது தோட்டத்து ஆபீஸ்தான். வரிசை வீடுகளான லயம் லயமாக, அதற்குள் ஒற்றை அறையான காம்பரா காம்பராவாகப் போய் யார் இருக்கிறார்கள், என்ன வயது, எங்கே பிறந்தது, யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதுவார்கள். ஒரு பிரதி அரசாங்கத்துக்குப் போகும், தொகை கூட்டியதும் அதை அழித்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் இன்னொரு பிரதியைத் தைத்து அட்டை போட்டு அலுமாரியின் மேல் வைத்திருந்தார்கள். ஆளெண்ணிக்கைப் புத்தகம் என்று அதற்குப் பெயர். அலுமாரிக்கு மேலே கூரைத் தகரம் ஒழுகும். யாரும் அதை இறக்குவதில்லை, ஒரு காரியத்துக்குத் தவிர.

அந்தக் காரியம் கல்யாணம். வெளித்தோட்டத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள், நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால் பையன் வீட்டுத் தோட்டத்து ஆபீசுக்குச் சத்தமில்லாமல் ஒரு ஆளை அனுப்புவார்கள். அவர் பெரிய கிளாக்கருக்கு ஒரு வணக்கம் போட்டு, எனக்கு ஒரு சிகரெட் பெட்டியைத் தள்ளுவார். நான் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி, கேட்ட காம்பராவைக் காட்டுவேன். பாட்டன் யார் கூட்டத்தில் வந்தவன், என்ன சாதி, முறையாகக் கட்டிய பெண்டாட்டியா என்றெல்லாம் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டு சம்பந்தம் என் கண் முன்னால் முறிந்திருக்கிறது. எனக்கு அது தமாஷாக இருந்தது.

அப்படி ஒரு நாள் இறக்கியபோதுதான் எங்கள் லயத்தைப் புரட்டிப் பார்த்தேன். நான் பிறந்தது ஏழாம் நம்பர் காம்பராவில். லயத்துப் பையன் ஒருவன் படித்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவை. எங்கள் வீட்டுக் கதைப்படி பாட்டன் சில்லறைக் கங்காணி, திருச்சிப் பக்கத்திலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. பழைய கிளாக்கர் ஒருவரின் அழகான இங்கிலீசுக் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. ஒரு பெண், வயது இருபத்திரண்டு, இந்தியாவில் பிறந்தவள், கணவன் இல்லை. ஆண் பிள்ளை ஒன்று, வயது ஒன்று, இந்தியாவில் பிறந்தது, தகப்பன் தெரியாது. ஆண் ஒருவன், வயது நாற்பது, கூலியாள், உறவு இல்லை, சேர்ந்து இருக்கிறான்.

அந்தப் பிள்ளை என் அப்பா. சேர்ந்து இருக்கிறவன் எங்கள் கங்காணிப் பாட்டன்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆண் துணை இல்லாமல் கடல் தாண்டி, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்து இன்றைக்கு எனக்கு வியப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது அருவருப்பு. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தலைக்கங்காணி மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் ஆபீசுக்கு வரப்போகிறார் என்று தரகர் சொல்லிவிட்டிருந்தார். அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு நேரத்தில் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அடிமட்டத்தை வைத்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்தேன். ஓரம் பிசிறாமல் கிழித்தேன். எரித்திருக்கலாம். ஏன் எரிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல எண்ணத்தால் அல்ல என்பது மட்டும் தெரியும்.

தாய்மாமன் வந்தார். தேத்தண்ணி குடித்தார். எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் கரண்ட் இருக்கிறதா, குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள்ளே வருகிறதா என்று கேட்டார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுமாரியை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

தாளின் மறுபக்கத்தை அன்றைக்கு நான் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஏழாம் நம்பருக்குப் பின்னால் எட்டாம் நம்பர்தான் வரும். அது எனக்குத் தெரியும்.

எட்டாம் நம்பரில் இருந்தது என் சிநேகிதன். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அவன் வீட்டில் ரொட்டி தட்டினால் எங்கள் வீட்டில் சத்தம் கேட்கும். ஐந்தாம் வகுப்பு வரை சேர்ந்து போனோம். பிறகு நான் ஹட்டனுக்குப் படிக்கப் போனேன், அவன் மலைக்கு வேலைக்குப் போனான். நான் ஆபீசில் சேர்ந்த பிறகும் ரோட்டில் கண்டால் மச்சான் என்பான். ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தால் ஐயா என்பான். நானாகக் கேட்டு வாங்கிய ஐயா அல்ல. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதன்முதலில் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்ன காலத்தில் என் அப்பா ஓடிப்போய் எழுதிக் கொடுத்துப் பதிந்துகொண்டார். அவன் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், பிறந்த வீட்டில் இருக்க எவனிடம் போய் மனுப் போடுவது என்று கேட்டாராம். எங்கள் சனத்தில் அந்தத் தப்பைச் செய்தவர்கள் நிறையப் பேர். வந்தவர்கள் பயந்து எழுதிக் கொடுத்தார்கள். பிறந்தவர்கள் சும்மா இருந்தார்கள். பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, எங்களை எண்ணிப் பங்கு பிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அவன் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் மகன் இந்த நாட்டவன் என்று அரசாங்கக் கச்சேரியில் சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. தோட்டத்துப் பழைய புத்தகத்தில் இருந்தாலும் போதும் என்றார்களாம்.

அவன் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்து நேராக ஜன்னலுக்கு வந்தான். போர்த்தியிருந்த சாக்குப் படங்கில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை இறக்கினேன். அவனுக்கு முன்னால் விரித்து, பக்கங்களைத் திருப்பினேன். ஐந்து, ஆறு, ஒன்பது, பத்து. பூச்சி அரித்திருக்கும், அந்தப் பக்கம் இல்லை என்றேன்.

"ஐயா, இன்னொருக்காப் பாருங்கய்யா. பாசை தெரியாத நான் பார்த்தா என்னா, பார்க்காட்டி என்னா."

இன்னொரு முறை திருப்பினேன். அதே நம்பர்களை அதே மாதிரி விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் ஜன்னல் கம்பிக்குள் தலையை நுழைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், ஏழும் இல்லையே. ஏழு ஒங்க வீடு. ஒங்களுதைத் தேடிப் பார்த்தா எங்களுதும் கெடைக்கும்ல?"

எனக்கு இப்போது பிரஜாவுரிமை இருக்கிறது, நான் எதற்குத் தேட வேண்டும் என்றேன். சொன்னது அதேதான். வேறு மாதிரி சொன்னதாக எழுதினால் இதை எழுதி என்ன பயன்? அவன் கம்பியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். சரிங்கய்யா என்று சொல்லிப் போனான்.

தாளை எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புத்தகத்தைக் கிழித்ததற்கு வேலை போயிருக்கும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது, அது நின்றிருக்கும். தகப்பன் தெரியாதவனின் மகன் என்று ஆபீசில் சிரித்திருப்பார்கள். இவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு தாயையும் ஒரு மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அவனையும் சேர்த்து ஐந்து பேரைக் கொடுத்தேன். தேடிப் பார்த்தும் பதிவு காணப்படவில்லை என்ற கடிதத்தை நானே டைப் அடித்தேன். பெரிய கிளாக்கர் அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நல்ல இங்கிலீசு என்று பெரிய கிளாக்கர் என்னைப் பாராட்டினார்.

கல்யாணம் நடந்தது. என் மனைவி நல்லவள். இந்தக் கதையில் அவளுக்குப் பங்கு இல்லை. சாகும்வரை அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் சாயந்தரம் அவன் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ் போட்டிருந்தானாம், பிடுங்கும் பருவமாம். "வேற யாரும் புடுங்கறதுக்கு முந்தி நீங்க எடுத்துக்கங்க. எனக்கு எதுக்கு இனி" என்றான். மறுநாள் ஸ்டேஷனில் கோச்சி ரயிலைச் சுற்றி அழுகைச் சத்தம் ஒரு மைல் கேட்டதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஆபீசில் மாதக் கடைசி வேலை இருந்தது. அந்த லீக்ஸைப் பிடுங்கி வந்து ஒரு மாதம் சமைத்தோம். நன்றாகத்தான் இருந்தது.

இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவரின் மகன் இங்கே இருந்தேன். இங்கே பிறந்தவரின் மகன் இந்தியாவுக்குப் போனான். இதை விளங்கிக்கொள்ளும் அறிவு எனக்கு அப்போதே இருந்தது. அறிவுக்கு என்ன குறைச்சல்? ஹட்டனில் பரிசெல்லாம் வாங்கியிருந்தேன்.

போன வருடம் கோத்தகிரியிலிருந்து ஒரு போன் வந்தது. அவனுடைய மகள். இங்கிருந்து போகும்போது இடுப்பில் இருந்த குழந்தை, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். அவர்களுக்கும் தேடும் நோய் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் பேசினேன். அவள் கங்காணி என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல சார். அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னாங்க, இங்க வந்தா சிலோன்காரன்ங்கறாங்க. எங்க அப்பன் அந்தத் தோட்டத்துல பொறந்ததுக்கு ஒரு எழுத்து இருந்தா கண்ணால பார்த்துட்டுப் போயிடுவேன்ங்கறார். ஒங்களத்தான் கேக்கச் சொன்னார். நேர்மையான மனுசன், அப்பவே ரெண்டு தடவை தேடிப் பார்த்தாருன்னு சொன்னார்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எண்பது வயதிலும் வாயில் முதலில் வந்தது அந்தப் பழைய ஆபீஸ் பதில்தான்.

பெட்டியைத் திறந்தேன். தாள் மஞ்சளாகி, மடித்த இடத்தில் நொறுங்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக மறுபக்கத்தை முழுக்கப் படித்தேன். எட்டாம் நம்பர். கணவன், மனைவி, இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள். மகன், வயது இரண்டு, இத்தோட்டத்தில் பிறந்தவன்.

முதலில் தாளை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். என் குற்றத்தை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் குடும்பத்தின் கோப்பில் சேர்க்கச் சொன்னேன். இலிகிதர் ஒரு சிங்களப் பெண், என் பேத்தி வயது. படித்துப் பார்த்துவிட்டு, "சீயா, தேங் மேக மொகடத?" என்றாள். தாத்தா, இப்போது இது எதற்கு? அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் பென்சனில் போய்விட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். என்னை வைது விரட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு தாளைப் புத்தகத்திலேயே வைத்துவிடலாம் என்று தோட்டத்துக்குப் போனேன். இப்போதிருக்கும் மனேஜருக்கு அப்படி ஒரு புத்தகம் இருந்ததே தெரியாது. பழைய காவலாளி ஒருவர்தான் சொன்னார். கம்பெனி மாறியபோது அலுமாரியில் இருந்ததையெல்லாம் ஃபேக்டரி அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்களாம். மூன்று நாள் எரிந்ததாம். ஒரு தோட்டம் முழுவதையும் எழுதிய அந்தப் புத்தகத்தில் இன்று மிஞ்சியிருப்பது நான் திருடிய தாள் மட்டும்தான். திருடாமல் விட்டிருந்தால் அதுவும் எரிந்திருக்கும் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு நிமிடம் பார்த்தேன். அவ்வளவு கேவலமான புத்தி எனக்கு.

கொழும்பில் இருக்கும் என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். கடைசியில், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குப்பா வெளிய எடுக்கிறீங்க. ஒங்க பேத்தியப் பொண்ணு பார்க்க வர்றாங்க, அது முடியட்டும்" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? என் மகள் அல்லவா?

முடியும்வரை காத்திருக்கவில்லை. திருச்சிக்கு விமானம், அங்கிருந்து பஸ். எங்கள் ஆட்கள் புறப்பட்ட சீமை என்று சொல்லி என் வாசலுக்கு வேனில் வருகிறவர்கள் மண்ணை எடுத்துப் பையில் கட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அதுதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முழங்கால் வலித்தது.

கோத்தகிரியில் தேயிலைச் சரிவுக்குக் கீழே இரண்டு அறை வீடு. அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்பும் கம்பளியுமாக இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, "வாங்கய்யா" என்றான். அந்த ஐயாவைத் தாங்க முடியாமல் தாளை எடுத்து அவன் மடியில் வைத்தேன். உட்காருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்தது, ஒளித்தது, கடிதம் டைப் அடித்தது, லீக்ஸ் தின்றது வரை. மகள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அவன் வெகுநேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "ஏழாம் நம்பருக்காகவா?"

ஆமாம் என்றேன்.

"அதுவா. அது லயத்துக்கே தெரியுமே மச்சான். ஒங்க அப்பாரைத் தூக்கிக்கிட்டு அந்த அம்மா வந்து எறங்குனப்ப அதுகிட்டப் பாலு இல்ல. எங்க அப்பாரைப் பெத்தவதான் ரெண்டு புள்ளைக்கும் பாலு குடுத்தது. எங்க ஆத்தா சொல்லும். யாரும் வெளிய பேசல, பேசுறதுக்கு என்னா இருக்கு அதுல." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. நீ படிச்சவன்ல."

சிரிக்கிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். எங்க அம்மா இங்க வந்து ஆறே மாசத்துல குளிருல செத்துச்சு, அந்தக் குளிரும் இந்தக் குளிரும் ஒண்ணுதான், ஆனா செத்துச்சு என்று மட்டும் சொன்னான். பிறகு மகளைக் கூப்பிட்டு, எட்டாம் நம்பரை வாசிக்கச் சொன்னான். அவள் இங்கிலீசைத் தமிழாக்கி வாசித்தாள். கடைசி வரியை மூன்று தரம் வாசிக்க வைத்தான்.

அன்றைக்கே கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தார்கள். கடைக்காரன் இரண்டு பக்கமும் கண்ணாடி போடட்டுமா என்று கேட்டானாம். மகள் வந்து அப்பாவிடம் கேட்டாள். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ஒரு பக்கம் போதும். எட்டு வெளிய தெரியட்டும். ஏழு செவுத்துப் பக்கம் இருக்கட்டும்."

அப்படியே அட்டை அடித்து வாங்கி வந்து, அவன் கட்டிலுக்கு நேரே மாட்டினார்கள். ஆணி அடிக்கும்போது சட்டம் கோணாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பிடித்துக்கொண்டேன். பிறகு மகள் எனக்கு ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து தந்தாள். சர்க்கரை போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போடவில்லை என்றாள். அப்படியே குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் இறந்துபோனதாக மகள் செய்தி அனுப்பினாள். கூடவே சுவரின் படம் ஒன்றும் அனுப்பியிருந்தாள். தாள் அப்படியே இருந்தது. எட்டு வெளியே தெரிந்தது.